ஆணியில் தொங்கிய சாவி: ஏரிக்கரை வீட்டில் நான்கு நாட்கள்

வெள்ளிக்கிழமை, இரவு

பிரதான சாலையிலிருந்து பிரிந்து காட்டுக்குள் போகும் மண்பாதையில் ஆறு கிலோமீட்டர் வந்ததும் ஓர் ஓடையும் அதன் மேல் ஒரு தரைப்பாலமும் எதிர்ப்பட்டன. பாலத்தைக் கடந்தால் ஏரிக்கரையில் ஒரே ஒரு மரவீடு. அதற்கு அப்பால் பாதை இல்லை. நாங்கள் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டைப் பராமரிப்பவர் விளக்குகளையும் தண்ணீர்த் தொட்டியையும் காட்டிவிட்டு, திங்கட்கிழமை காலையில் வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். அவருடைய வண்டியின் சத்தம் ஓடைக்கு அப்பால் தேய்ந்து மறையும்வரை நானும் என் கணவரும் ஒன்றும் பேசாமல் வாசலிலேயே நின்றோம்.

இந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைத்துவிட்டு ஏரியின் அழகை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. சென்ற ஆண்டு என் கணவர் வேலையை இழந்தார். அதை நான்கு மாதங்கள் என்னிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் வழக்கமான நேரத்துக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார், வழக்கமான நேரத்துக்குத் திரும்பினார், அன்று அலுவலகத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் அமைதியாகப் பதிலும் சொன்னார். இப்போது அவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த அமைதியான குரல் என் காதில் தங்கிவிட்டது; அவர் எதைச் சொன்னாலும் அதற்குள் அந்தக் குரல் இருக்கிறதா என்று என்னையறியாமல் தேடுகிறேன். யாரும் குறுக்கிடாத ஓர் இடத்தில் சில நாட்கள் இருந்தால் இது சரியாகிவிடும் என்று இருவருமே நம்பித்தான் வந்திருக்கிறோம். இதை எழுதலாமா என்று கேட்டேன், எழுது என்றார். நானாகக் கொடுக்காதவரை என் குறிப்புகளை அவர் படிப்பதில்லை என்பது எங்களுக்குள் இருக்கும் பழைய ஏற்பாடு.

வீட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கீழே ஒரு கூடம். அதிலிருந்து மரப்படிகள் ஏறினால் கூரையை ஒட்டி ஒரு படுக்கையறை. சுவர்க் கடிகாரம் ஓடவில்லை. கைப்பேசிக்கு இங்கே சமிக்ஞை கிடைப்பதில்லை. வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஏறினால் ஒரு பாறை இருக்கிறது, அங்கே மட்டும் கிடைக்கும் என்று பராமரிப்பவர் சொன்னார். அவர் எங்களிடம் இரண்டு சாவிகள் கொடுத்தார். ஒன்றை வாசற்கதவின் அருகே இருந்த ஆணியில் நான் மாட்டினேன். மற்றதை என் கணவர் தன் மேற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நள்ளிரவைத் தாண்டியும் எனக்கு உறக்கம் வரவில்லை. புதிய இடத்தில் முதல் இரவு உறக்கம் கலைவதற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. 2016இல் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, பழக்கமில்லாத இடத்தின் முதல் இரவில் மூளையின் இடது பாதி வலது பாதியைவிட மேலோட்டமாக உறங்குகிறது. அந்நியமான ஒலி கேட்டால் விரைவில் விழித்துக்கொள்வதற்காக ஒரு பாதி காவல் இருப்பதுபோல. டால்பின்களும் சில பறவைகளும் மூளையின் ஒரு பாதியை விழிப்பில் வைத்துக்கொண்டே உறங்கும் என்பது முன்பே தெரிந்ததுதான். நமக்கும் அதன் சாயல் இருக்கிறது. வெப்பம் இறங்க இறங்க மரச்சுவர்கள் சுருங்கி அங்குமிங்கும் நொடித்தன. அந்த ஒலிகளுக்கு நடுவே, கூடத்தில் யாரோ நடப்பதுபோன்ற மெல்லிய காலடிகளும் கேட்டன. கண்ணைத் திறக்கவில்லை. அவர்தான் தண்ணீர் குடிக்க இறங்கியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

சனிக்கிழமை, மாலை

விடியற்காலையில் அவர் உறங்கிக்கொண்டிருக்கும்போதே பாறைக்குச் சென்று நேற்றைய குறிப்பை வெளியிட்டேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. உள்ளே வந்து கதவைச் சாத்தியபோது ஆணியைப் பார்த்தேன். அதில் சாவி இல்லை.

அவர் எழுந்து வந்ததும் கேட்டேன். “சாவி ஒன்றுதானே? அது என் பையில் இருக்கிறது,” என்றார். இரண்டு கொடுத்தார்கள், ஒன்றை நானே ஆணியில் மாட்டினேன் என்றேன். “இல்லை. ஒன்றுதான்,” என்று மறுபடியும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அமைதியாகச் சொன்னார்.

ஒரு சாவிக்காக யாரும் அஞ்ச மாட்டார்கள். நான் அஞ்சியது அந்த அமைதிக்கு. ஆணியின் கரகரப்பு என் விரலில் இன்னும் இருக்கிறது; சாவி சுவரில் மோதிய சிறு ஒலிகூட நினைவிருக்கிறது. அப்படியிருக்க, அது நடக்கவே இல்லை என்று ஒருவர் பதற்றமில்லாமல் சொல்லும்போது, இரண்டில் ஒன்றைத்தான் நம்ப முடியும்: ஒன்று அவர் பொய் சொல்கிறார், அல்லது என் நினைவு என்னுடையது இல்லை.

ஒருவருடைய புலன்களின் மேலேயே அவருக்கு ஐயம் வரும்படி செய்வதை இன்று எல்லோரும் கேஸ்லைட்டிங் என்கிறோம். 1938இல் மேடையேறிய ஒரு நாடகத்திலிருந்து வந்த சொல் இது. அந்த நாடகத்தில் என்னை எப்போதும் தொந்தரவு செய்வது ஒரு சிறு விவரம்: மனைவியின் அறையில் விளக்கு மங்குவது அவளை அச்சுறுத்துவதற்காகக் கணவன் செய்த வேலை அல்ல. அவன் மேல்தளத்தில் வேறு விளக்கை ஏற்றித் தன் களவைத் தேடுகிறான். அதனால் கீழே எரிவாயு குறைகிறது. அவள் கண்டது உண்மை. அவன் ஒளித்ததும் வேறொன்று. இன்று முழுவதும் அந்த மங்கும் விளக்கையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தொழிலையும் இங்கே சொல்ல வேண்டும். சாட்சிகளின் நினைவு எப்படி இயங்குகிறது என்று விசாரணை அதிகாரிகளுக்கு வகுப்பெடுப்பவள் நான். ஒவ்வொரு வகுப்பிலும் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட சோதனையிலிருந்துதான் தொடங்குவேன். கார்கள் மோதும் காட்சியைப் பார்த்தவர்களிடம், கார்கள் என்ன வேகத்தில் ‘நொறுங்க மோதின’ என்று கேட்டால், ‘தொட்டன’ என்று கேட்கப்பட்டவர்களைவிட அதிக வேகத்தைச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, ‘நொறுங்க’ என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். காட்சியில் கண்ணாடி உடையவே இல்லை. இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், ஆனால் இன்று காலை ஆணியின் முன் நின்றபோது இதில் ஒரு சொல்கூட எனக்கு உதவவில்லை. பிறருடைய நினைவு பிழைக்கும் என்பதை அறிவது வேறு; நம் விரலில் இருக்கும் கரகரப்பு பிழை என்று ஏற்பது வேறு.

நண்பகலில் மழை சற்றுத் தணிந்தபோது இருவரும் ஓடைவரை நடந்தோம். தரைப்பாலத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் செந்நீர் சுழித்துக்கொண்டு ஓடியது. வண்டி போக முடியாது. நடந்தும் போக முடியாது. “திங்கட்கிழமைக்குள் வடிந்துவிடும்,” என்றார். நான் தலையசைத்தேன்.

மதியத்துக்குப் பிறகு இருவரும் சற்று உறங்கினோம். எவ்வளவு நேரம் என்பதில்கூட ஒத்துப்போகவில்லை. மூன்று மணி நேரம் இருக்கும் என்றேன்; ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்றார். கைப்பேசிகள் இரண்டையும் மின்சாரத்தைச் சேமிப்பதற்காக அணைத்து வைத்திருந்தோம், வானம் காலையிலிருந்து ஒரே சாம்பல் நிறம். மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் 1962இல் கடிகாரமில்லாமல் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் தனியாக இரண்டு மாதம் இருந்தார். செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்று நினைத்துக்கொண்டிருந்தார். குகைக்குள்ளிருந்து அவர் நொடிக்கொன்றாக 120 வரை எண்ணியபோது வெளியே ஐந்து நிமிடங்கள் கழிந்திருந்தன. அவர் ஒருவராக இருந்தார்; அவரோடு மாறுபட அங்கே எவரும் இல்லை. இங்கே இரண்டு பேர் இருக்கிறோம், இரண்டு பிற்பகல்கள் இருக்கின்றன, எது சரி என்று சொல்ல மூன்றாமவர் இல்லை.

பிறகு அவர் ஒன்று சொன்னார். “நேற்று இரவு நீ வெகுநேரம் கீழே நடந்துகொண்டிருந்தாயே, உறக்கம் வரவில்லையா?”

நான் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நடந்தது நீங்கள் என்றுதான் நினைத்தேன் என்றேன். அவர் முகம் மாறியது. அவரும் எழுந்திருக்கவில்லையாம். ஒரே கட்டிலில் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறோம். இருவரும் காலடிகளைக் கேட்டிருக்கிறோம். ஒவ்வொருவரும் அது மற்றவர் என்று நம்பியிருக்கிறோம்.

நெருங்கி வாழும் இருவர் வெளியுலகத் தொடர்பு அறுந்த நிலையில் ஒரே பொய்யான நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்வதை லாசேக், ஃபால்ரே என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் 1877இல் விவரித்தார்கள். அதற்குத் தனிமை ஒரு நிபந்தனை என்றும், அவர்களைப் பிரித்து வைத்தால் நம்பிக்கையை வாங்கிக்கொண்டவர் பெரும்பாலும் தெளிந்துவிடுவார் என்றும் சொன்னார்கள். எங்களுக்கு நேர்ந்திருப்பது அதுவும் இல்லை. எங்களிடம் பகிர்ந்துகொள்ள ஒரு நம்பிக்கைகூட மிச்சம் இல்லை.

இதைப் பாறையின் மேல் அமர்ந்து எழுதுகிறேன். கிளம்பும்போது, “இந்த ஈரத்தில் எதற்காக மறுபடியும் மேலே போகிறாய்? யாரிடம் பேசுகிறாய்?” என்று கேட்டார். எழுதத்தான் என்றேன். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன். இன்று இரவு கூடத்திலேயே படுத்துக்கொள்ளப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்

கூடத்துப் பலகையில் விடியும் வேளையில் கண்விழித்தேன். என் மேல் ஒரு போர்வை கிடந்தது. நான் எடுத்துக்கொண்ட போர்வை அல்ல. மேலே அவருடைய கட்டிலில் இருந்தது. தலையைத் திருப்பினேன். ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

சாவி காணாமற்போனபோது எனக்கு ஏற்பட்டது கலக்கம். அது திரும்பி வந்தபோது ஏற்பட்டதற்குத்தான் அச்சம் என்று பெயர். படிகளின் கீழே அவருடைய காலணிகள் இருந்தன. ஈரமாக, ஓரங்களில் புதிய சேறு. அவரோ மேலே கண்ணை மூடிப் படுத்திருந்தார். கதவை ஓசையில்லாமல் திறந்து வெளியே வந்தேன். சேற்றில் தடங்கள் தெளிவாகத் தெரிந்தன: வீட்டிலிருந்து பாறைக்கு, பாறையிலிருந்து வீட்டுக்கு.

ஓடைக்குத்தான் முதலில் ஓடினேன். நீர் ஒரு சாண்கூட இறங்கவில்லை. அந்தக் கரையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. திரும்பிப் போவதற்கு அந்த வீட்டைத் தவிர எனக்கு வேறு இடமில்லை என்பதும், அவருக்கும் அதே நிலைதான் என்பதும் அங்கே நிற்கும்போதுதான் மனதில் பட்டது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கூடத்தில் அமர்ந்திருந்தார். நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார். “நீ எழுதியதைப் படித்தேன். இரண்டு நாளையதையும்.”

ஏன் என்றேன்.

“நேற்று நீ என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் தெரிந்தாக வேண்டியிருந்தது. சாவியை ஆணியில் மாட்டினேன் என்று எழுதியிருந்தாய். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆனால் நீ எழுதியதே உண்மையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அதனால் என்னிடம் இருந்ததை எடுத்து அங்கே மாட்டிவிட்டேன். காலையில் பார்த்தால் நிம்மதியாக இருப்பாய் என்று நினைத்தேன்.”

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நான்கு மாதங்கள் முழுவதும் ஒரே நொடியில் விளங்கின. தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் இதே காரியம்தான். என் மனதில் இருக்கும் உலகம் கலையக் கூடாது என்பதற்காக, வெளியே இருக்கும் உலகத்தை அதற்கேற்ப ஒழுங்குபடுத்தி வைப்பது. ஒருவர் மேல் போர்வையைப் போர்த்திவிடுவதும் அதே கையால் சாட்சியத்தை மாற்றி வைப்பதும் அவருக்கு ஒரே செயலின் இரண்டு பகுதிகள். என்னைப் பைத்தியமாக்க வேண்டும் என்று திட்டமிட்ட ஒருவர் இதைவிடக் கச்சிதமாகச் செய்திருக்க முடியாது; இவரோ அன்பினால் செய்திருக்கிறார். நான் அதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் நெடுநேரம் தலைகுனிந்து இருந்தார். “எனக்கு வேறு விதமாகத் தெரியாது,” என்றார்.

இத்தோடு இந்தக் குறிப்பை முடித்திருந்தால் குற்றம் முழுவதும் அவர் பக்கம் நின்றிருக்கும். ஆனால் அதன் பிறகு கைப்பேசியில் வெள்ளிக்கிழமை எடுத்த படங்களைப் பார்த்தேன். வாசலில் நின்று எடுத்த படம் ஒன்று. பராமரிப்பவர் என் உள்ளங்கையில் சாவியை வைக்கிறார். மரவில்லை கோத்த வளையம், அதில் ஒரே ஒரு சாவி. படத்தைப் பெரிதாக்கினேன். மீண்டும் பெரிதாக்கினேன். ஒன்றுதான்.

அப்படியானால் ஆணியின் கரகரப்பு எங்கிருந்து வந்தது? அதற்கு விடை தேட எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. எங்கள் சொந்த வீட்டிலும் வாசற்கதவின் அருகே ஓர் ஆணி உண்டு. இரண்டு சாவிகள், வீட்டில் இருக்கும்போது இருவரும் அவரவர் சாவியை அதில் மாட்டுவோம். சென்ற ஆண்டு ஒரு நாள் காய்ச்சலோடு நண்பகலில் வீடு திரும்பினேன். அவர் அலுவலகத்தில் இருக்க வேண்டிய நேரம். என் சாவியை மாட்டப் போனபோது, அங்கே அவருடைய சாவி தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் தெரியவந்தது அந்தக் கணத்தில்தான். என் சாவியையும் அதன் பக்கத்தில் மாட்டினேன். இரண்டும் ஒன்றோடொன்று உரசிச் சுவரில் மோதின.

நினைவில் இருக்கும் ஒன்று எங்கிருந்து வந்தது என்பது அந்த நினைவோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. மூளை அதை ஒவ்வொரு முறையும் ஊகித்துத்தான் சொல்கிறது என்று மார்சியா ஜான்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993இல் விரிவாக எழுதினார்கள். காட்சி எவ்வளவு துலக்கமாக இருக்கிறதோ, அது நேரில் நடந்தது என்று அவ்வளவு உறுதியாக ஊகிக்கிறோம். என் விரல் சொன்னது உண்மை. அது வேறு கதவைப் பற்றிய உண்மை. நான் ஓராண்டாக அந்த ஆணியின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

படத்தை அவரிடம் காட்டினேன். “இதை நீ எனக்குக் காட்டாமலே இருந்திருக்கலாம்,” என்றார். இருந்திருக்கலாம். அந்த எண்ணம் எனக்கு வராமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, நள்ளிரவு

விளக்கை அணைத்துவிட்டு, இருவரும் கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு, கைகளைக் கோத்தபடி படுத்திருந்தோம். காலடிகள் வந்தன. படியின் அடியிலிருந்து தொடங்கி ஒழுங்கான இடைவெளியில் ஒலித்தன. அவர் என் உள்ளங்கையில் விரலால் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினார். நானும் மனதுக்குள் எண்ணினேன். ஒன்பதாவதோடு நின்றது. “ஒன்பது,” என்றேன். “ஒன்பது,” என்றார். கைவிளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினோம். கூடம் வெறுமையாக இருந்தது. பகலெல்லாம் ஈரத்தில் ஊறி உப்பிய பலகைகள் இரவில் இறுகும்போது எழும் ஒலியாகத்தான் இருக்க வேண்டும். படிகளையும் எண்ணிப் பார்த்தோம், ஒன்பது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் இருவரும் ஒன்றாகச் சரிபார்த்த முதல் விவரம் இது.

திங்கட்கிழமை, காலை

இரவில் மழை இல்லை. ஓடை வடிந்து, தரைப்பாலத்தின் முதுகு சேற்றோடு வெளியே தெரிந்தது. பராமரிப்பவர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்.

பைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். படம் இருக்கும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது? கேட்டது என் கணவர். தான் சொன்ன ஒன்றை அவர் தானாகவே பிறருடைய சாட்சிக்கு விட்டதை நான் இதுவரை கண்டதில்லை. “வெள்ளிக்கிழமை எங்களிடம் எத்தனை சாவி கொடுத்தீர்கள்?”

“இரண்டு,” என்றார் பராமரிப்பவர். தயங்கவே இல்லை. “எல்லோருக்கும் இரண்டுதான் கொடுப்பது.”

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. வளையத்தை அவர் நீட்டினார். பராமரிப்பவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், தன் இடுப்பில் தொங்கிய கொத்தை எடுத்து ஒவ்வொரு சாவியாகத் தள்ளிக்கொண்டே போனார். இறுதிக்கு முன்னதாக ஒன்றில் விரல் நின்றது. “அட, இது இங்கேயே இருக்கிறதே. இரண்டும் கொடுத்ததாகத்தானே எனக்கு நினைவு,” என்றார்.

பாலத்தைக் கடந்து பிரதான சாலையை அடையும்வரை நாங்கள் பேசவில்லை. சமிக்ஞை கிடைத்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இந்தக் கடைசிக் குறிப்பை எழுதத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமைக் குறிப்பில் இருக்கும் அந்த வரியைத் திருத்தவா என்று அவரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். கைப்பேசியை வாங்கி, அந்தக் குறிப்பின் அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“சாவி ஒன்றுதான். அது என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அதை ஆணியில் மாட்டியது நான்.”